கட்டளை கீழே இறங்கும், செய்தி மேலே ஏறுமா? திட்டமிட்ட பொருளாதாரம் இயங்கும் விதம்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், விவசாய அமைப்புகளின் பிரதிநிதிகள், வட்டை எனப்படும் வயல்வெளிகளின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானைமார் எல்லோரும் வந்திருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதைக்கொண்டு எத்தனை ஏக்கர் செய்யலாம், முதல் தண்ணீர் எந்த நாளில் திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எப்போது வட்டையை விட்டு அப்புறப்படுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுப்பார்கள். முடிவெடுத்த பிறகு அது சட்டப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும். தன் வயலில் தான் நினைத்த நாளில் விதைப்பேன் என்று ஒருவர் நின்றால், அவருக்காக வாய்க்காலில் தண்ணீர் ஓடாது.

இதுவும் திட்டமிடல்தான். என்ன உற்பத்தி செய்வது, எவ்வாறு செய்வது, யாருக்குச் செய்வது என்ற மூன்று வினாக்களும் உயர்தரப் பொருளியலின் முதல் பாடத்திலேயே வந்துவிடும். சந்தையில் அவற்றுக்கு விலை பதில் சொல்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீருக்கோ நவகிரிக் குளத்துத் தண்ணீருக்கோ யாரும் ஏலம் கூறுவதில்லை; கூடிப் பேசியெடுத்த முடிவுதான் அங்கே பதில். அதே வேலையை இரும்பு முதல் சவர்க்காரம் வரை ஒரு நாட்டின் முழு உற்பத்திக்கும் ஒரு தலைநகரிலிருந்தே செய்ய முயன்றதைத்தான் மத்திய திட்டமிடல் என்கிறோம். அது நல்லதா கெட்டதா என்று கேட்டால் பேச்சு உடனே கட்சிக்கொடிகளுக்குள் போய்விடுகிறது. ஒரு திட்டம் எப்போது நிற்கிறது, எப்போது சரிகிறது என்று கேட்டால்தான் ஏதாவது கற்றுக்கொள்ளலாம். கீழே நடப்பது உண்மையாக மேலே போய்ச் சேருகிறதா, சேர்ந்தால் மேலே இருப்பவர் முடிவை மாற்றுகிறாரா என்ற இரண்டையும் பொறுத்தே திட்டத்தின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. சோவியத் நாட்டின் அனுபவமும் கல்லோயா எனப்படும் நம் பட்டிப்பளை ஆற்றங்கரை அனுபவமும் இதையே காட்டுகின்றன.

ஒரு நாட்டின் ஐந்தொகை

சோவியத் நாட்டில் 1921இல் கொஸ்பிளான் என்ற அரச திட்டமிடல் குழு அமைக்கப்பட்டது. 1928இல் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. ஆலைகளும் சுரங்கங்களும் ரயிலும் வங்கியும் அரசுக்குச் சொந்தம். அடுத்த சில ஆண்டுகளில் எதற்கு முதலிடம் என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கும். கொஸ்பிளான் அதை இலக்கங்களாக மாற்றி அமைச்சுகளுக்கு அனுப்பும். அமைச்சுகள் ஆலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆலைகள், “இவ்வளவு செய்ய எங்களுக்கு இவ்வளவு நிலக்கரி வேண்டும், இத்தனை ஆட்கள் வேண்டும்” என்று திருப்பி எழுதும். பேரம் நடக்கும். கடைசியில் வரும் திட்டம் சட்டமாகும். ஆலையின் முகாமையாளர் அதை நிறைவேற்றினால் போனஸ். தவறினால் பதவிக்கே ஆபத்து, ஸ்டாலின் காலத்தில் உயிருக்கும் ஆபத்து.

இந்த இலக்கங்களைப் பொருத்துவதற்குப் பொருள் சமநிலை என்ற முறை இருந்தது. உருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் ஒரு பக்கத்தில் வரவு: ஆலைகளின் உற்பத்தி, கையிருப்பு, இறக்குமதி. மறுபக்கத்தில் செலவு: உழவு இயந்திரத்துக்கு இவ்வளவு, தண்டவாளத்துக்கு இவ்வளவு, பீரங்கிக்கு இவ்வளவு, ஏற்றுமதிக்கு இவ்வளவு. இரண்டும் சமமாக வரவேண்டும். செலவு கூடிவிட்டால் உருக்கு உற்பத்தியைக் கூட்ட வேண்டும். அதற்கு நிலக்கரி கூட வேண்டும். நிலக்கரியைக் கொண்டுவர ரயில் பெட்டி கூட வேண்டும். ரயில் பெட்டிக்கு மறுபடியும் உருக்கு வேண்டும். ஒரு இலக்கத்தைத் தொட்டால் நூறு இலக்கம் அசையும். கொஸ்பிளான் நேரடியாகச் சமநிலை வரைந்தது ஏறத்தாழ 2,000 பொருட்களுக்கு. மற்றவை கீழ்மட்ட அமைப்புகளின் பொறுப்பு. நாட்டில் உற்பத்தியான பொருள் வகைகளோ இலட்சக்கணக்கில் இருந்தன. கணினி இல்லாத காலத்தில் தாளிலும் மணிச்சட்டத்திலும் இந்தக் கணக்கைத் தீர்க்க வழியில்லை. ஆகவே நடைமுறையில், போன வருடம் என்ன செய்தோமோ அதற்கு மேல் சில சதவீதம் என்பதே பெரும்பாலும் திட்டமாக முடிந்தது.

பணத்தின் இடமும் அங்கே வேறு. ஓர் ஆலையின் கணக்கில் பணம் இருந்தால் மட்டும் உருக்கு வாங்க முடியாது. ஒதுக்கீட்டுக் கடிதம் வேண்டும். கடிதம் இருந்தால் பணம் பின்னாலேயே வரும். தொழிலாளிக்குச் சம்பளம் காசாகக் கிடைக்கும், கடையில் விரும்பியதை வாங்கலாம். கடையில் இருந்தால். விலையை அரசு நிர்ணயித்தது. சரக்குக் குறைந்தால் விலை ஏறாது, வரிசை நீளும்.

இந்த அமைப்பு சாதித்தவற்றைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது. வெறும் புல்வெளியாகக் கிடந்த மாக்னிட்டோகோர்ஸ்க்கில் சில வருடங்களில் ஒரு பெரும் உருக்கு நகரம் எழுந்தது. 1941இல் ஜேர்மன் படை உள்ளே புகுந்தபோது 1,500க்கும் மேற்பட்ட பெரிய ஆலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். குறிக்கோள் ஒன்றாகவும் அளவு தெளிவாகவும் இருந்து, மற்றதையெல்லாம் அதற்காக விட்டுக்கொடுக்க முடிகிற இடத்தில் மத்திய திட்டமிடல் மிக வேகமாக வேலை செய்யும். போர்க்காலத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும்கூட ரேஷனும் ஒதுக்கீடும் விலைக்கட்டுப்பாடும் கொண்டுவந்தது இதனால்தான்.

ஆனால் அந்த உருக்குக்கு விலை கொடுத்தவர்கள் விவசாயிகள். நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக்கி, இவ்வளவு தானியம் தரவேண்டும் என்று மேலிருந்து கட்டளை போனது. விளைச்சல் குறைந்தபோதும் கட்டளை குறையவில்லை. 1932-33 பஞ்சத்தில் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் பிற பகுதிகளிலும் பல மில்லியன் பேர் மாண்டார்கள். சீனாவில் 1958இல் தொடங்கிய பெரும் பாய்ச்சலில் இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. மேலே இருப்பவரை மகிழ்விக்க கம்யூன் எனப்படும் ஒவ்வொரு கூட்டுப்பண்ணை அமைப்பும் விளைச்சலைப் பெருக்கிக் காட்டியது. அந்தப் பொய்க்கணக்கைக் கொண்டே அரசு தன் பங்கைக் கணித்து எடுத்துச் சென்றது. ஊரில் உண்ண எஞ்சவில்லை. இறந்தவர்கள் கோடிக்கணக்கில். வயலில் நெல் இல்லை என்பது வயலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் துணிவில்லை, சொன்னவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

அளக்கப்படுவது மட்டுமே செய்யப்படும்

பஞ்சமும் பயங்கரமும் ஓய்ந்த பிறகும், 1950களுக்குப் பின்னால், அந்த அமைப்பு வேறு விதமாகத் தேய்ந்தது. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் கற்றுத் தருகிறது. இங்கே வில்லன் யாரும் இல்லை. சாதாரண மனிதர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட விதிகளுக்குள் புத்தியோடு நடந்துகொண்டதே தேய்வுக்குக் காரணமாயிற்று.

ஓர் ஆலையின் இலக்கு தொன் கணக்கில் கொடுக்கப்பட்டால் பொருள் கனமாக வரும். வீட்டுக்கு அழகு தரவேண்டிய சரவிளக்குகள் இயன்ற அளவு பாரமாகவே செய்யப்படுகின்றன என்று சோவியத் தலைவர் குருஷ்சேவே 1959இல் குறைப்பட்டார். சதுர மீற்றரில் இலக்குக் கொடுத்தால் தகடு மெல்லியதாகிவிடும். இந்த வருடம் இலக்கைத் தாண்டிச் செய்தால் அடுத்த வருடம் அந்தத் தாண்டிய அளவே புதிய அடிமட்டமாகும். ஆகவே கெட்டிக்கார முகாமையாளர் தன் ஆலையின் உண்மையான திறனை மறைப்பார். தேவைக்கு மேல் மூலப்பொருள் கேட்டுப் பதுக்கிவைப்பார். எல்லோரும் பதுக்கியதால் எல்லோருக்கும் தட்டுப்பாடு. மாதத்தின் முதல் இரண்டு வாரம் சரக்கு வராமல் ஆலை தூங்கும். கடைசி வாரத்தில் இரவு பகலாக ஓடும்.

ஹங்கேரியின் பொருளியலாளர் யானொஸ் கொர்னாய் இதை உள்ளிருந்தே பார்த்து எழுதினார். நட்டப்பட்ட ஆலையை அரசு எப்படியும் தூக்கிவிடும் என்று முகாமையாளருக்குத் தெரிந்தால், செலவைப் பற்றி அவர் கவலைப்பட மாட்டார், கேட்பது நிற்காது என்றார் அவர். தட்டுப்பாடு அந்த அமைப்பில் ஒரு தற்செயல் இல்லை, அதன் அன்றாட நிலை என்பது அவர் முடிவு. இலங்கையில் நட்டத்தில் ஓடிய கூட்டுத்தாபனங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள உரை தேவையில்லை.

அதற்கு முன்பே ஒரு பெரிய விவாதம் நடந்திருந்தது. உற்பத்திச் சாதனங்களுக்குச் சந்தை இல்லாவிட்டால் எந்த வழி மலிவு, எது விரயம் என்று கணக்கிடவே முடியாது என்று ஒஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் வொன் மீசஸ் 1920இல் வாதிட்டார். திட்டமிடுவோர் சந்தையைப் போலவே விலையை ஏற்றி இறக்கி, தட்டுப்பாட்டையும் மிகையையும் பார்த்துத் திருத்தலாம் என்று போலந்தின் ஒஸ்கார் லாங்கே பதிலளித்தார். 1945இல் மற்றொரு ஒஸ்திரியப் பொருளியலாளரான ஹயெக் விவாதத்தின் திசையையே மாற்றினார். பொருளாதாரத்துக்குத் தேவையான அறிவு எந்த ஒரு தலையிலும் முழுதாக இருப்பதில்லை, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் கையிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது, விலைதான் அதை அஞ்சல்போல எடுத்துச் செல்கிறது என்றார். எந்த மடையில் தண்ணீர் கசிகிறது, எந்த வரவையில் (வயல் துண்டில்) உவர் ஏறியிருக்கிறது என்பது வயலில் வேலை செய்யும் முல்லைக்காரருக்குத் தெரியும். திணைக்களத்தின் கோப்பில் அது இராது. ஹயெக்கின் அரசியலோடு எனக்கு உடன்பாடு குறைவு. இந்த ஒரு விடயத்தில் அவர் சொன்னது சரி.

சோவியத் நாட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு விடை பிறந்திருந்தது என்பதுதான் வியப்பு. லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள், எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை எவ்வளவு போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற கேள்வியோடு லியோனிட் கந்தரோவிச் என்ற இளம் கணிதவியலாளரிடம் போனார்கள். அதிலிருந்து அவர் 1939இல் வெளியிட்டது இன்று நேரியல் திட்டமிடல் என்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் முறை. கையிலிருக்கும் ஒவ்வொரு வளத்துக்கும் அதன் அருமையைக் காட்டும் ஒரு மதிப்பு அந்தக் கணக்கிலிருந்தே வெளிவரும். சந்தை இல்லாமலேயே விலை. அதை முதலாளித்துவச் சிந்தனை என்று சந்தேகித்து நெடுங்காலம் ஒதுக்கினார்கள். 1975இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாடு முழுவதையும் கணினி வலையில் இணைத்துத் திட்டமிடலாம் என்று விக்டர் குளுஷ்கோவ் 1960களில் முன்வைத்த யோசனையும் முழுமையாக நிறைவேறவில்லை. வேகமான கணினி கிடைத்தால் மத்திய திட்டமிடல் சாத்தியம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். கணக்குப் போடும் வேகம் ஒரு பாதிதான். முகாமையாளர் பொய் இலக்கம் கொடுத்தால், அதிவேகக் கணினியும் பொய்யைத்தான் வேகமாகக் கூட்டும்.

கூப்பனும் சங்கக்கடையும்

இலங்கை ஒருபோதும் முழுமையான திட்டமிட்ட பொருளாதாரமாக இருந்ததில்லை. ஆனால் அதன் கருவிகள் பலவற்றை நாம் வீட்டுக்குள்ளேயே கண்டோம். இரண்டாம் உலகப்போரின்போது வந்த அரிசிப் பங்கீடு போர் முடிந்த பின்னும் நீடித்தது. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் ஒவ்வொரு குடும்பத்தின் வாரக் கணக்கிலும் இடம்பிடித்தன. 1952இல் சீனாவோடு செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தம், வருடத்துக்கு 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசியை வாங்க வழிசெய்தது. இரண்டு அரசுகள் மேசையில் அமர்ந்து எழுதிய வணிகம் அது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஒன்பது வருடம் கழித்து சோவியத் நாட்டின் நொவோசெர்காஸ்க்கில் இறைச்சி, வெண்ணெய் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். விலையை அரசு எழுதும்போது ஒவ்வொரு விலை மாற்றமும் ஆட்சிக்கு எதிரான கேள்வியாகிவிடுகிறது. அதனால் அரசுகள் விலையைத் தொடப் பயப்படும். தொடாத விலை வரிசையாகவும் கறுப்புச் சந்தையாகவும் வெளிவரும்.

1959இல் பத்தாண்டுத் திட்டம் வந்தது. 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசு 1972-76க்கு ஐந்தாண்டுத் திட்டம் எழுதியது. 1971இல் நெல் சந்தைப்படுத்தல் சபை, 1972இல் காணி உச்சவரம்பு: மேட்டுநிலம் 50 ஏக்கர், வயல் 25 ஏக்கர். பெருநிலக்காரரான போடியார்களின் காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த 25 ஏக்கர் என்ன பொருள்படும் என்று சொல்லத் தேவையில்லை. உலகச் சந்தையில் எண்ணெயும் உணவும் விலையேறிய 1973க்குப் பின்னர் கட்டுப்பாடுகள் இறுகின. உணவகங்களில் சோறில்லாத நாட்கள் வந்தன. தனியார் அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்லத் தடை வந்தது. சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். நெல் விளையும் கிழக்கில் அரிசியை உறவினருக்குக் கொண்டுபோவதே குற்றமாயிற்று. அதே காலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இருந்த இறக்குமதித் தடை யாழ்ப்பாண விவசாயியை நிமிர்த்தியது என்பதும் உண்மை. ஒரே கொள்கை ஒரு மாவட்டத்தில் வாழ்வாகவும் இன்னொரு மாவட்டத்தில் சோதனைச் சாவடியாகவும் அமைந்தது.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையையும் இங்கே நினைக்க வேண்டும். 1956இல் உற்பத்தி தொடங்கிய அந்த அரச ஆலைக்கு வைக்கோலும் இலுக்குப் புல்லும் மூலப்பொருள். நெல் விளையும் பிரதேசத்தில் எரித்துவிடும் வைக்கோலைக் கடதாசியாக்கலாம் என்பது நல்ல திட்டம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் பிழைத்தன. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னர் அது வெளிநாட்டுக் கடதாசியோடு போட்டியிட வேண்டியிருந்தது. போரும் சேர்ந்துகொண்டது. திட்டம் கைவிட்டதா சந்தை கைவிட்டதா என்றால் இரண்டுமே.

பட்டிப்பளை ஆற்றில் எழுதிய திட்டம்

கிழக்கில் திட்டமிடல் என்றால் கல்லோயாவைச் சொல்லாமல் முடியாது. சுதந்திரத்துக்கு அடுத்த வருடம், 1949இல், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை தொடங்கியது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சபையின் கையில்: நீர், மின்சாரம், காடு வெட்டுதல், வீதி, குடியேற்றம், ஹிங்குராணையில் கரும்பும் சீனியும். எந்தக் குடியேற்றத்துக்கு எத்தனை குடும்பம், ஒரு குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர் வயல், எத்தனை ஏக்கர் மேட்டுக்காணி என்பதெல்லாம் தாளில் எழுதப்பட்டது. சோஷலிசம் பேசாத, அமெரிக்க நிறுவனத்தைக் கொண்டு அணை கட்டிய டி. எஸ். சேனாநாயக்கவின் அரசுதான் சுதந்திரத்துக்குப் பின் இந்த நாட்டில் முதல் பெரும் பிராந்தியத் திட்டமிடலைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தாளில் எழுதப்பட்டது தண்ணீரும் நெல்லும் மட்டுமல்ல. யார் எங்கே குடியிருப்பது என்பதும்தான். ஆற்றின் மேற்புறக் குடியேற்றங்களில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள். கீழ்ப்புறத்தில், கடலோரத்தை அண்டிய பழைய வயல்களில், தமிழரும் முஸ்லிம்களும். 1956 ஜூனில் இந்தப் பள்ளத்தாக்கில் இனவன்முறை நடந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது. திட்டம் ஒரு தொழில்நுட்ப விடயம், நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கல்லோயாதான் நினைவுக்கு வரும். நிலத்தைப் பங்கிடும் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் நாட்டின் வடிவத்தையே எழுதுகிறார். அந்த மேசையில் கீழ்ப்புறத்து மக்களுக்கு நாற்காலி இருக்கவில்லை. அதன் வலி இன்றும் ஆறவில்லை.

தண்ணீர்க் கணக்கும் பிழைத்தது. 1970இல் வந்த மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, திட்டத்தின் செலவு அதன் பயனை விஞ்சியது என்றே முடிவு செய்தது. இடதுகரையில் மேல்மடையில் இருந்தவர்கள் தாராளமாக எடுத்தார்கள்; கடைமடையில் சிறுபோகம் காய்ந்தது. மதகுக் கதவுகள் பல உடைந்து கிடந்தன. எவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்பது அலுவலகத்துக்கே தெரியாத நிலை. விவசாயிகள் அதிகாரிகளை நம்பவில்லை, அதிகாரிகள் விவசாயிகளை நம்பவில்லை.

1980களின் தொடக்கத்தில் இடதுகரையைப் புனரமைக்கும் திட்டம் வந்தபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹொஃப் போன்றவர்களும் வேறு வழியை முயன்றார்கள். இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் குடியேற்றங்களிலேயே தங்கவைத்தார்கள். ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேர் முதலில் ஒரு குழு. அவர்கள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்பரவு செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மிச்சப்பட்டதைக் கீழே அனுப்பினார்கள். குழுக்களின் பேச்சாளர்கள் மேலே சென்று பொறியியலாளரோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள். சில வருடங்களில் அதே தண்ணீரைக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு பயன் கிடைத்தது. 1997 சிறுபோகத்தில், நெல் செய்யக் குளத்துத் தண்ணீர் போதாது என்று பொறியியலாளர்கள் கணித்தார்கள். விவசாய அமைப்புகள் பொறுப்பெடுத்து 65,000 ஏக்கர் இடதுகரை முழுவதையும் செய்து, வழமையை விட நல்ல விளைச்சல் எடுத்தன. போர் நடந்துகொண்டிருந்த காலம். மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் பேசும் விவசாயிகள். மேலே இருந்தவர்கள் மடையை அடைத்துக் கீழே விட்டார்கள்.

அணை அதே அணை, வாய்க்கால் அதே வாய்க்கால். திட்டமும் ஒழியவில்லை, தண்ணீர் சந்தைக்கும் போகவில்லை. கீழிருந்து செய்தி போக வழி திறந்தது, அவ்வளவுதான் மாற்றம். பொருளியல் நூல்கள் சந்தைக்கும் அரசுக்கும் இடையில் கோடு போட்டுவிட்டு நிறுத்திவிடுகின்றன. இந்த மூன்றாவது வழியும் பாடமாக வரவேண்டும்.

இரண்டு அண்மைக்கால உதாரணங்கள்

1977க்குப் பின்னர் நாம் திறந்த பொருளாதாரம் என்கிறோம். ஆனாலும் கட்டளை எங்கேயும் போய்விடவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரு வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளையை யாரும் வெறுக்கவில்லை. ஆட்டெருவும் மாட்டெருவும் நம் வயல்களுக்குப் புதிதல்ல. ஆனால் இன்று விதைக்கும் நெல்லினங்கள் தழைச்சத்தை எதிர்பார்த்து உருவாக்கப்பட்டவை. அதற்கு ஈடான சேதனப் பசளை நாட்டில் இருக்கவில்லை. நிலம் மாற வருடங்கள் எடுக்கும். இதை வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். வீதிக்கு இறங்கிச் சொல்லவும் செய்தார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. முந்தைய பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்குக் கீழே விழுந்தது. அதே வருடம் செப்டெம்பரில் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டு, அந்த மாதம் முடிவதற்குள் அதையும் எடுத்தார்கள்.

அடுத்த வருடமே ஒரு பங்கீடு வேலை செய்ததையும் பார்த்தோம். 2022 ஜூலையில் வந்த கியூஆர் எரிபொருள் அட்டை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கியது. நாட்கணக்கில் கிடந்த வரிசைகள் குறைந்தன. பெற்றோல் ஒரே வகைப் பொருள். வருவது கப்பலில், எண்ணிவிடலாம். யார் எடுத்தார் என்பது அந்த நொடியே கணினிக்குப் போகிறது. பங்கு எல்லோருக்கும் ஒரே விதி. அதற்கு முன்பே விலையும் உண்மைச் செலவுக்கு அருகே ஏற்றப்பட்டிருந்தது. தட்டுப்பாடு நீங்கியதும் 2023 செப்டெம்பரில் அட்டை நிறுத்தப்பட்டது. நெல்வயலில் இவற்றில் எதுவும் பொருந்தாது. மண் வேறு, மழை வேறு, விதை வேறு. உண்மை ஒவ்வொரு வரம்பிலும் வேறு.

இந்த வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால், நமக்கு ஒவ்வொரு அறுவடையிலும் வலிக்கும் ஒரு விடயத்துக்கு வழி தெரிகிறது. நெல்லுக்கு உத்தரவாத விலை என்பதும் திட்டமிடல்தான். பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை இயந்திரம் வட்டைக்குள் இறங்கிய பின்னர் விலையையும் கொள்வனவு தொடங்கும் நாளையும் அறிவித்தால், அந்த அறிவிப்பு சிறிய விவசாயிக்கு உதவாது. காய்ப்பதற்குத் தளம் இல்லை, வைப்பதற்கு அறை இல்லை, இயந்திரக் கூலிக்கும் பசளைக் கடனுக்கும் காசு உடனே வேண்டும். ஈர நெல்லை வயலோரத்திலேயே லொறிக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார். விலையை ஆரம்பக் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டும். எத்தனை ஏக்கர் விதைத்தார்கள், என்ன இனம், எந்த வாரம் அறுவடை என்பது கமக்காரர் அமைப்புகளின் பதிவேட்டில் விதைப்பு முடிந்த கையோடே இருக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டே, எந்தக் களஞ்சியம் எந்தத் திகதியில் திறக்க வேண்டும், எத்தனை சாக்கு வேண்டும், எவ்வளவு பணம் வங்கிக்கு வரவேண்டும் என்று மூன்று மாதம் முன்னரே கணக்கிடலாம்.